பாப்பா, இங்கே ஒரு கையெழுத்து

கருவூலத்தாருக்கு வயது அறுபத்து மூன்று. தமிழ்நாட்டுக் கருவூலத் துறையில் முப்பத்தைந்து வருஷம் பட்டியல் பார்த்து, அதில் பாதியைத் திருப்பியனுப்பி, ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம். அப்பேர்ப்பட்ட மனிதரைத் தாய்லாந்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், பேத்தி வயதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போன ஒரு பெண் அதிகாரி, “பாப்பா, இங்கே ஒரு கையெழுத்து” என்றாள். அந்த ஊரில் வயதான வெளிநாட்டுக்காரர்களை ‘அப்பா’ என்ற பொருளில் அப்படித்தான் அழைப்பார்கள், மரியாதைதான். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவிக்கு அந்த விளக்கமெல்லாம் காதில் ஏறவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அன்றிலிருந்து வீட்டில் காபி வைத்தால், “பாப்பா, ஆறிடப் போகுது” என்றுதான் குரல் வருகிறது.

எந்த ஊர் அலுவலகம் என்று கேட்காதீர்கள். தாய்லாந்தின் வடக்கே ஒரு மாகாணத் தலைநகர், அது போதும். அடுத்த ஏப்ரலுக்கு முன்னால் அவர் மறுபடி அதே நாற்காலியில் போய் உட்கார வேண்டியவர்.

தம்பதியர் 2023 அக்டோபரில் தாய்லாந்து போனது பேரனைப் பார்க்க. மகளுக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் வேலை. மூன்று மாதம் இருந்துவிட்டுத் தைக்குத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. வாசல் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற எதிர்வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரமே பேரன் தாத்தா மடியை விட்டு இறங்க மாட்டேன் என்றான். “இருந்துடுங்களேம்பா” என்றாள் மகள். சரி என்றார் இவர். குடும்பத்துக்குள் ஐந்து நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. தாய்லாந்து அரசாங்கத்தை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

அரசாங்கத்துக்கும் ஆட்சேபணை இல்லைதான். ஐம்பது வயது தாண்டியவர் ‘ஓய்வு’ என்ற காரணத்தைக் காட்டி, வருஷத்துக்கு வருஷம் தங்கும் அனுமதியை நீட்டித்துக்கொள்ளலாம். டி.எம்.7 என்று ஒரு படிவம், 1,900 பாட் கட்டணம். டி.எம். என்பது குடிவரவுத் துறையின் தாய்லாந்து மொழிச் சுருக்கம். அந்த ஊர்க்காரர்கள் ‘தோ மோ’ என்பார்கள். நம்மூரில் ‘ஆர்.டி.ஓ. ஆபீஸ்’ என்று சொல்லும்போது குரலில் ஏறுமே ஒரு பணிவு, அதே பணிவு அதிலும் உண்டு.

1,900 பாட் வெறும் தட்சிணை. அசல் வேறு. மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தாய்லாந்து வங்கி ஒன்றில் விண்ணப்பதாரர் பெயரில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும். அல்லது இரண்டையும் சேர்த்து அந்தக் கணக்குக்கு வர வேண்டும். கருவூலத்தாரின் பென்ஷன் 65,000 பாட்டைத் தூரத்திலிருந்து கும்பிடக்கூடிய தொகை. ஆகவே பணிக்கொடையும் கம்யூட்டேஷனுமாக வந்து வைப்பில் கிடந்த பணம், பதினெட்டுப் பத்தொன்பது லட்ச ரூபாய், கடல் தாண்டிப் போயிற்று. விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அது கணக்கில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் மூன்று மாதம் அசையக் கூடாது. அப்புறம் பாதியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வருஷம் முழுக்க 4 லட்சத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. 2019 மார்ச்சிலிருந்து இதுதான் சட்டம்.

இதை மனைவிக்கு விளக்க அவர் கையாண்ட முறையைத் தாய்லாந்துக் குடிவரவுத் துறை இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். “முதல் நாலு லட்சம் மூலவர். கர்ப்பக்கிரகத்தை விட்டு நகரவே மாட்டார். ரெண்டாவது நாலு லட்சம் உற்சவர். நாலாவது மாசத்துல வீதியுலா கிளம்பலாம். ஆனா அடுத்த விண்ணப்பத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி சந்நிதிக்குத் திரும்பிடணும்.” அந்த அம்மாள் வரதராஜப் பெருமாளைச் சேவித்து வளர்ந்தவர். அரை நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். “நாம எப்பங்க சாப்பிடறது?” என்று மட்டும் கேட்டார்.

அவருடைய அனுமதிக்கு இன்னொரு வில்லங்கம் இருந்தது. கணவரின் நீட்டிப்பில் மனைவியும் சேர்ந்துகொள்ளலாம், தனியாக 8 லட்சம் வேண்டாம். திருமணச் சான்றிதழ் வேண்டும். 1988இல் கல்யாணம். நானூறு பேர் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் பதிவு செய்யச் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மகள் முன்கூட்டியே எச்சரித்திருந்ததால், ஊரை விட்டுக் கிளம்புமுன் முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய ஜோடி சார்பதிவாளர் அலுவலகம் போய், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை நீட்டி, இந்து திருமணச் சட்டத்தின் கீழ் தங்களைப் பதிவு செய்துகொண்டது. பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருந்தது மனைவி. ஊரார் காகிதத்தையெல்லாம் காபந்து செய்தவர் சொந்தக் கல்யாணப் பத்திரிகையைத் தொலைத்திருந்தார். இந்த விஷயம் மறுபடி எழுப்பப்படாத வாரம் இல்லை.

2024 ஜனவரி முதல் வாரம். காலை எட்டரைக்கு வங்கிக் கதவு திறக்கும்போதே நின்று, கணக்கு இவருடையதுதான் என்று கடிதம் வாங்கி, பாஸ்புக்கில் அன்றைய தேதி வரைக்கும் பதிவு போட்டுக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்கு ஓடினார். நேற்றைய பாஸ்புக் இன்றைக்குச் செல்லாது. டோக்கன் எண் வந்தது. பெண் அதிகாரி காகிதங்களைப் புரட்டினாள். பாஸ்போர்ட் நகல், சரி. வாடகை ஒப்பந்தம், சரி. பாஸ்புக்கில் பென்சில் நின்றது. நின்ற பென்சில் ஒரு வரிக்கு அடியில் மெல்லக் கோடு போட்டது.

7,99,700.

என்ன நடந்தது? இவர் கனகச்சிதமானவர். 8 லட்சம் கேட்டார்கள், 8 லட்சம் போட்டார். ஒரு பாட் கூடக் கிடையாது. வங்கியும் கனகச்சிதமான வங்கி. ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 300 பாட்டை அதுவாகவே எடுத்துக்கொண்டது. உற்சவர் யாருக்கும் சொல்லாமல் பிரகாரம் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார்.

300 பாட்டை இந்த நிமிஷமே கட்டுகிறேன் என்றார். கட்டலாம், ஆனால் அன்றிலிருந்து இரண்டு மாதம் எண்ண வேண்டும். கையில் இருக்கும் அனுமதியோ ஒரு வாரத்தில் முடிகிறது. காலாவதிக்குப் பிறகு தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000. மகள் தாய்லாந்து மொழியில் மன்றாடினாள். கருவூலத்தார் ஒன்றும் பேசவில்லை. 1990களில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் கொண்டுவந்த சம்பளப் பட்டியலைக் கூட்டலில் 12 பைசா உதைக்கிறது என்று மார்ச் 31ஆம் தேதி திருப்பியனுப்பியவர் அவர். தலைமையாசிரியர் அன்று அவரைப் பார்த்த பார்வை முப்பது வருஷம் கழித்து இங்கே வந்து சேர்ந்தது. வெளியே வந்து மகளிடம், “அந்தப் பொண்ணு செஞ்சது சரிம்மா. நானா இருந்தாலும் பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தத்தோடு கூடவே ஒரு தொழில்முறைப் பூரிப்பும் இருந்ததாக மகள் சாட்சி சொல்கிறாள்.

வேறு வழியில்லை. நாட்டை விட்டு வெளியேறிப் புது விசாவோடு வர வேண்டும். தாய்லாந்தில் தங்கும் வெளிநாட்டார் இப்படி ஓடுகிற இடங்களில் லாவோஸின் வியந்தியேனும் மலேசியாவின் பினாங்கும் பேர் போனவை. இரண்டு இடத்திலும் தாய்லாந்துத் தூதரக அலுவலகம் உண்டு. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பரில்தான் முப்பது நாள் விசா விலக்குக் கொடுத்திருந்தது. பினாங்கு என்று முடிவானதில் இன்னொரு காரணமும் உண்டு: அங்கே இட்லி கிடைக்கும். ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் இறங்கி அரைகுறை ஆங்கிலத்தில் ஆரம்பித்தவரிடம், “என்னாண்ணே, தோசையா?” என்று பதில் வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக விளக்கப்படம் காட்டாமல் சாப்பிட்டார்.

பினாங்கிலிருந்து கடற்கரையோடு வடக்கே போனால் தாய்லாந்துப் பக்கம் தக்குவாபா வரும். அங்கே ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்று பெயர் வைத்த ஒரு குளத்தையும், அதை மணிக்கிராமத்தார் உள்ளிட்டோரின் பாதுகாப்பில் விட்டதையும் அது சொல்கிறது. மணிக்கிராமம் என்பது வணிகக் குழு. வியாபாரத்துக்குப் போனவர்கள் குளம் வெட்டும் அளவுக்குத் தங்கியிருக்கிறார்கள் என்றால் அதைவிட நீண்டகாலத் தங்கல் வேறென்ன? யாரிடம் நீட்டிப்பு வாங்கினார்கள், பாஸ்புக் கேட்டார்களா என்பதை மட்டும் கல்லில் வெட்டாமல் விட்டுவிட்டார்கள்.

2024 ஜனவரி 15, பொங்கலன்று, புது விசாவோடு தம்பதியர் தாய்லாந்து விமான நிலைய வரிசையில் நின்றார்கள். தொண்ணூறு நாள். எண்ணிப் பார்த்தால் ஏப்ரல் 13 வருகிறது. அதாவது சொங்க்ரான். தாய்லாந்தின் புத்தாண்டுப் பண்டிகை. நம் சித்திரை முதல் தேதியை ஒட்டி, சூரியன் மேஷத்துக்குப் போகும் கணக்கில் வருவது. மூன்று நாள் நாடு முழுக்க ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும், அலுவலகம் இருக்காது. ஆகவே அவருடைய விசா வருஷமும் தமிழ் வருஷமும் ஒரே நாளில் முடிகின்றன. பஞ்சாங்கம் பார்த்து வாங்கியிருந்தாலும் இப்படி அமைந்திருக்காது.

பஞ்சாங்கம் என்றதும் நினைவு வருகிறது. தாய்லாந்து மொழியில் மாதப் பெயர்களெல்லாம் ராசிகள். ஜனவரி மகராகொம், மார்ச் மீனாகொம், ஏப்ரல் மேசாயொன், ஆகஸ்ட் சிங்ஹாகொம், அக்டோபர் துலாகொம். ‘கொம்’ என்று முடிந்தால் 31 நாள், ‘யொன்’ என்று முடிந்தால் 30. விரல் முட்டியை எண்ண வேண்டாம். கருவூலத்தார் இதை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிட்டார். வங்கிக்குத் ‘தனாகான்’ என்று பெயர். தனம் இருக்கும் இடம். அனுமதிக்கு ‘அனுயாத்’. காஞ்சிபுரம் சம்ஸ்கிருதம் கொஞ்சம் தொண்டையில் சிக்கினால் தாய்லாந்து மொழி என்று ஒரு சித்தாந்தமே அவரிடம் தயார். வருஷம்தான் உதைத்தது. அவர்கள் புத்த சகாப்தம். நம் கணக்கோடு 543 கூட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் 2567 என்று இருந்ததைப் பார்த்த மனைவி, “இவ்வளவு நாளைக்கா எழுதினீங்க?” என்று திடுக்கிட்டார்.

ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வழி காட்டும் வரைபடமும் கேட்டார்கள். கையால் போட்டால் போதும். மற்றவர்கள் நாலு கோடு இழுத்து ‘செவன் லெவன்’ என்று எழுதிவிடுவார்கள். தாய்லாந்தில் எந்த வீட்டு வரைபடமும் ஒரு செவன் லெவன் கடையில்தான் தொடங்கும். பத்தாயிரத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள், தப்ப முடியாது. கருவூலத்தார் ஸ்கேல் வாங்கினார். வடக்கு அம்பு போட்டார். செக்குபந்தி எழுதினார்: வீட்டுக்கு வடக்கே சலவைக்கடை, கிழக்கே மாமரம் உள்ள காலி மனை, தெற்கே வாய்க்கால், மேற்கே ஜெர்மன்காரர். பெண் அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்காரியிடமும் காட்டினாள்.

கையெழுத்து விஷயமும் அப்படித்தான். ஒவ்வொரு நகலிலும் சொந்தக் கையெழுத்து வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஊழியர் தமிழில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நம்மூர் ஆணை, பாஸ்போர்ட்டிலும் அதுவே. இரண்டு பேர் கட்டில் நாற்பது பக்கத்துக்கு மேல் வளைந்து வளைந்து தமிழ் ஓடியது. அந்தப் பெண் எழுத்தை உற்றுப் பார்த்து, கம்போடியாவா என்று கேட்டாள். தவறான கேள்வி என்று சொல்ல முடியாது. தாய் எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது. கெமர், பல்லவ கிரந்தத்திலிருந்து. அந்த எழுத்து கிளம்பிய ஊர் காஞ்சிபுரம். “இது உங்க எழுத்துக்குப் பெரியப்பா” என்று சொல்லச் சொன்னார் மகளிடம். மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

2024 நீட்டிப்பு அப்படிக் கிடைத்தது. கணக்கில் இந்த முறை 8,05,000 இருந்தது.

நீட்டிப்போடு ஓயவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை, நான் இன்ன விலாசத்தில்தான் இருக்கிறேன் என்று டி.எம்.47 கொடுக்க வேண்டும். உரிய தேதிக்குப் பதினைந்து நாள் முன்னால், அல்லது ஏழு நாள் பின்னால் வரை தரலாம். தவறினால் 2,000 பாட். வீட்டுக்கார அம்மாள் தன் பங்குக்கு, வெளிநாட்டுக்காரர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் டி.எம்.30 கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு மூக்கில் விரல் வைப்பவர்களுக்கு ஒரு தகவல்: திருவண்ணாமலையில் கிரிவலம் வந்த பிரெஞ்சுக்காரரைத் திண்ணையில் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் படிவம் கொடுக்க வேண்டும் என்பது நம் சட்டம்.

கருவூலத்தார் மூக்கில் விரல் வைக்கவில்லை. வருஷா வருஷம் பென்ஷன்காரர்களை வரிசையில் நிறுத்தி, உயிரோடு இருக்கிறார்களா என்று பார்த்தவர். எதிரே வேர்த்து விறுவிறுத்து நிற்கும் கிழவரிடமே உயிர்வாழ் சான்று எங்கே என்று கேட்டவர். போன வருஷம் எப்படியோ விட்டுப்போச்சு என்று ஒரு பாட்டி சொன்னபோது, “அப்போ போன வருஷம் நீங்க இல்லையே பாட்டி” என்று நிஜமான வருத்தத்தோடு பதில் சொன்னவர். இப்போது அவருக்கு இரண்டு அரசாங்கம். ஒன்று, இருக்கிறாயா என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்கிறது. இன்னொன்று, எங்கே இருக்கிறாய் என்று தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை கேட்கிறது. மனைவி மூன்றாவது, தினமும் இரண்டையும் கேட்கிறார்.

2025 மார்ச்சில் போனபோது எல்லாம் தேர் வடம் மாதிரி இழுபடாமல் போயிற்று, புகைப்படம் வரைக்கும். நாலுக்கு ஆறு சென்டிமீட்டர், ஆறு மாதத்துக்குள் எடுத்தது. இவர் சிக்கனமாகப் போன வருஷமே பன்னிரண்டு பிரதி போட்டு வைத்திருந்தார். அந்தப் பெண் புதுப் படிவத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள். பழைய கோப்பை எடுத்துவரச் செய்தாள். இரண்டையும் அக்கம்பக்கம் வைத்தாள். அதே கட்டம் போட்ட சட்டை. அதே காலர் மடிப்பு. இடது நெற்றியில் அதே விபூதிக் கீற்று, அதே இடத்தில் உதிர்ந்திருந்தது. பென்சிலால் அந்த உதிர்ந்த இடத்தை இரண்டு படத்திலும் தொட்டுக் காட்டினாள். கருவூலத்தார் தலை குனிந்தார். தணிக்கைக்கென்றே பிறந்தவள் என்று அன்று மாலை பேரனிடம் சொன்னார்.

எதிர்ப் பக்கம் புங்க மரத்தடி போல ஒரு நிழலில் நகலெடுக்கும் கடை. இத்தனை வெளிநாட்டுக்காரர் வரும் அலுவலகத்துக்கு எதிரே அப்படியொரு கடை இல்லாமல் எப்படி? பத்து நிமிஷத்தில் படம் வந்தது. கம்ப்யூட்டரிலேயே கறுப்புக் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தார்கள். கல்யாணத்துக்குக்கூடக் கோட் போடாதவர். “இப்பதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க” என்றார் மனைவி. அந்தப் படத்தில் ஒரு பிரதி இப்போது காஞ்சிபுரம் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

இப்போது கருவூலத்தார் மற்ற வெளிநாட்டாரின் காகிதங்களையும் சரிபார்த்துக் கொடுக்கிறார். மேற்கே ஜெர்மன்காரர் என்று வரைபடத்தில் ஒருவர் வந்தாரே, அவர்தான் முதல் கட்சிக்காரர். அவருடைய காகிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஜெர்மனியில் சொந்தக் குடிமகனே வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் போய்ப் பதிய வேண்டும்; அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர் பிஸ்கட் டப்பாவோடு இருப்பதைக் கருவூலத்தாரால் தாங்க முடியவில்லை. ஊருக்குப் போவதற்கு முன் மறுநுழைவு அனுமதி வாங்கவில்லையானால் ஒரு வருஷ நீட்டிப்பும் குடிவரவு வரிசையைத் தாண்டிய நொடியில் செத்துப்போகும், அது ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 என்று அவருக்கே எடுத்துச் சொன்னார். அடுத்து ஒரு பிரிட்டிஷ் ஜோடி. அப்புறம் சலவைக்கடைக்கு வரும் நார்வேக்காரர். சனிக்கிழமை காலை வராந்தாவில் மேஜை போடப்படுகிறது. ஒரு பேனா ஸ்டாண்ட், ஒரு ஈரப் பஞ்சு டப்பா, குத்தூசி. ‘குறை நிவர்த்தி செய்து மீள அனுப்புக’ என்று பென்சிலில் தமிழில் எழுதித் திருப்பிக் கொடுக்கிறார். வாங்கிப் போகிறவருக்கு ஒரு எழுத்து புரியாது, ஆனால் குறை இருக்கிறது என்பது புரிந்துவிடுகிறது. பேனா மூடியைக் கழற்றும் சத்தத்தை வைத்தே மனுஷர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடும் மனைவி, “ரிட்டயர் ஆனப்புறம் ரெண்டு வருஷம் மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கிட்டிருந்தார். இப்பதான் திரும்ப வேலையில சேர்ந்திருக்கார்” என்கிறார்.

ஊரிலிருந்து உறவினர் யாராவது வந்தால் அவர் கொண்டுவரச் சொல்வது ஊறுகாய் கிடையாது. டேக். இரண்டு முனையிலும் தகரம் வைத்த பச்சை நூல். கோப்பைத் துளையிட்டுக் கோர்ப்பது. அங்கே எல்லாவற்றையும் ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள். அது அவருக்கு ஒப்பவில்லை. 2025 மார்ச்சில் புது அனுமதிக்கு முத்திரை விழுந்தபோது அந்தப் பெண் கட்டின் ஓரத்தை நெருடிக்கொண்டே, இது என்ன என்று சைகையில் கேட்டாள். ஒரு கட்டு டேக்கைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். வைத்த கையோடு, இது லஞ்சத்தில் சேருமா என்று கவலை வந்து, மொத்த மதிப்பு முப்பது ரூபாய்க்குள்தான் என்று மனசுக்குள் கணக்குப் பார்த்துச் சமாதானமானார்.

ஜூலையில் தொண்ணூறு நாள் அறிக்கைக்குப் போனார். அவள் மேஜையோரம் கோப்புகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்த நாலைந்தில் பச்சை நூல் தொங்கியது. கருவூலத்தார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“துளையை இன்னும் அரை விரக்கடை உள்ளே தள்ளிப் போடணும். கிழிஞ்சிடும்” என்று மகளிடம் சொன்னார். இதை மகள் மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் சிரித்து, துளைபோடும் கருவியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.